பிரெஞ்சு வினைச்சொற்களை அசை பிரிப்பது எப்படி, அழுத்தம் எங்கே விழும்?

பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது வினைத்திரிபு அட்டவணையைத்தான். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விகுதி. எழுதச் சொன்னால் பெரும்பாலோர் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எழுத்தில் இருப்பதையெல்லாம் ஒலிப்பதால் இல்லாத அசை ஒன்று கூடிவிடுகிறது. அசை கூடியதும் அழுத்தம் இடம் மாறுகிறது. கேட்கிற பிரெஞ்சுக்காரருக்கு வினை எது, செய்தவர் யார் என்பது பிடிபடாமல் போகிறது.

‘பேசு’ என்று பொருள்படும் பார்லே என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில் ஆறு இடங்களுக்கும் சேர்த்து அதற்கு ஐந்து வகை எழுத்துக்கூட்டல் உண்டு. காதில் விழுவதோ மூன்றே வடிவங்கள். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களுக்கும் ஒரே ஒலி. நாம், நீங்கள் ஆகிய இரண்டுக்கு மட்டும் வேறு ஒலி. ஆகவே அசையைக் காதால் எண்ண வேண்டும், கண்ணால் எண்ணக் கூடாது. கடைசியாக ஒலிக்கும் உயிர் எது என்று கண்டுபிடித்துவிட்டால், அழுத்தம் அங்கேதான் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒலிகளை எழுதும் முறை

பிரெஞ்சு ஒலிகள் அனைத்துக்கும் தமிழில் எழுத்து இல்லை. ஆதலால் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வோம்.

மூக்கின் வழியே வரும் உயிரை அடைப்புக்குறிக்குள் னகரமிட்டுக் காட்டுகிறேன். பார்லோ(ன்) என்று எழுதினால் கடைசியில் நாக்கு மேலண்ணத்தைத் தொடக் கூடாது. ஓகாரம் மூக்கில் அதிர்ந்து நிற்க வேண்டும். ஏ என்பது வாயைக் குறுக்கிச் சொல்லும் ஒலி, எ என்பது வாயைத் திறந்து சொல்லும் ஒலி. குறில் உகரத்தை ஒரே ஒரு வேலைக்கு ஒதுக்கிவைக்கிறேன்: பிரெஞ்சின் மங்கலான, விழுந்துபோகக்கூடிய ‘இ’ எழுத்தின் ஒலிக்கு. ‘நான்’ என்பதற்கான ஜு, ‘அதை’ என்பதற்கான லு ஆகியவற்றில் அதைக் காணலாம். உண்மையான ஊகார ஒலியை எப்போதும் நெடிலாகவே எழுதுகிறேன்: நூ என்றால் நாம், வூ என்றால் நீங்கள். ஃஸ என்பது ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்கு உரிய, தொண்டையில் அதிரும் ஸகரம். லத்தீன் எழுத்துகளின் ஆங்கிலப் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் தருகிறேன். ˈ என்ற குறிக்குப் பின் வரும் அசை அழுத்தம் பெறும்.

அசை என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யாப்பிலக்கணத்தில் நிரையசைக்குள் இரண்டு உயிர் அடங்கும். ‘பல’ என்பது அங்கே ஓர் அசை. இங்கே அந்தக் கணக்கு உதவாது. ஒலிக்கும் உயிர் ஒன்று இருந்தால் அசை ஒன்று, அவ்வளவுதான்.

முதல் படி: ஒலிக்காத விகுதியை நீக்குங்கள்

வினையைப் பார்த்ததும் வால் பகுதியைக் கவனியுங்கள். நிகழ்காலத்தில் ‘இ’, ‘இஎஸ்’, ‘இஎன்டி’ என்று முடியும் விகுதிகளுக்கு உயிரொலி கிடையாது. அவற்றுக்கு முன் நிற்கும் மெய்யோடு சொல் முடிந்துவிடும். பார்ல் என்பதில் லகரத்துக்குப் புள்ளி வைத்து நிறுத்திவிட வேண்டும். ‘எஸ்’, ‘டி’, ‘எக்ஸ்’ போன்ற ஒற்றை இறுதி மெய்களும் பெரும்பாலும் ஒலிக்காதவையே. ஃபினீர் என்ற ‘முடி’ வினையில் ‘அவன் முடிக்கிறான்’ என்பது ஃபி-னி. எழுத்தில் கடைசியாக நிற்கும் ‘டி’ காதில் விழாது.

ஒலிக்கும் விகுதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஓஎன்எஸ்’ என்பது ஓ(ன்). ‘இஇஸட்’ என்பது ஏ. அகராதி வடிவத்தின் ‘இஆர்’ என்பதும் ஏ. ‘பேசிய’ போன்ற பொருள் தரும் இறந்தகால எச்சத்தில் மேற்கோடிட்ட ‘இ’ என்பதும் ஏ. அதன் பின்னால் பெண்பாலுக்கும் பன்மைக்கும் எத்தனை எழுத்து ஒட்டினாலும் ஒலி மாறாது. கடந்தகாலத் தொடர்வினையின் ‘ஏஐஎஸ்’, ‘ஏஐடி’, ‘ஏஐஇஎன்டி’ மூன்றும் ஒரே எ ஒலிதான். ‘அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்பதன் விகுதியில் ஐந்து எழுத்து. ஒலியோ ஒற்றை உயிர். இல் பார்-லெ என்று சொன்னால் முடிந்தது.

இந்தப் படியில் தமிழர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை. பஸ் என்பது பஸ்ஸு என்றும், கேக் என்பது கேக்கு என்றும் ஆவது அதனால்தான். பிரெஞ்சு வினைகளிலும் இதே உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘விற்கிறார்கள்’ என்பது வா(ன்)த், ஓர் அசை. அதை வாந்து என்றால் இரண்டு அசை. பார்ல் என்பதைப் பார்லு என்றால் அதுவும் இரண்டு. ஒரு சிறிய உகரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுக் காது கடைசி அசையில்தான் குவிந்திருக்கும். அங்கே புதிதாக ஓர் உயிரை வைத்தால் வினையின் முகமே மாறிவிடுகிறது. வா(ன்) என்றால் ஒருவர் விற்கிறார், வா(ன்)த் என்றால் பலர் விற்கிறார்கள். ஒருமை பன்மை வேறுபாடு முழுவதும் அந்தக் கடைசி மெய்யில்தான் தங்கியிருக்கிறது. அதை உகரத்தால் மூடாமல், நாக்கைப் பல்லில் வைத்து வெடிக்கவிட்டு அப்படியே நிறுத்தப் பழகுங்கள். ப்ரா(ன்) என்றால் ‘எடுக்கிறார்’, ப்ரென் என்றால் ‘எடுக்கிறார்கள்’. ஃபி-னி, ஃபி-னிஸ் என்ற இணையும் இப்படித்தான். இந்த மூன்று இணைகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பதை விடச் சிறந்த தொடக்கப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

‘இஎன்டி’ ஒலிக்காது என்பது வினைக்கு மட்டுமே பொருந்தும். பெயர்ச்சொல்லிலோ வினையடையிலோ அதே மூன்றெழுத்து ஆ(ன்) என்று ஒலித்துத் தனி அசையாகும். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க, மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லித்தருவார்கள். அதில் மடம் என்ற பெயரும் அடைகாக்கின்றன என்ற வினையும் எழுத்தில் ஒன்றே. பெயரானால் கூ-வா(ன்) என்று இரண்டு அசை; வினையானால் கூவ் என்று ஒன்று. தலைவர் என்ற பெயர் ப்ரே-ஃஸி-தா(ன்), தலைமை தாங்குகிறார்கள் என்ற வினை ப்ரே-ஃஸித். எனவே வாலை நீக்குவதற்கு முன் எழுவாயைத் தேடி, இது வினைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மிஞ்சிய உயிரொலிகளை எண்ணுங்கள்

பல எழுத்து சேர்ந்து ஓர் உயிராகும் இடங்களில் கவனம் வேண்டும். ‘ஓயு’ என்ற இரண்டெழுத்து ஊ என்ற ஓர் ஒலி. ‘ஏஐ’ என்பது எ. ‘ஓஐ’ என்பது வ்வா. அதிலும் உயிர் ஒன்றுதான். ‘வேண்டும்’ என்ற கடப்பாட்டைச் சொல்லும் துவ்வார் வினையில் ‘நான்’ வடிவம் த்வா, ஓர் அசை.

மூக்கொலியில் ஒரு சோதனை இருக்கிறது. உயிரெழுத்துக்குப் பின் ஒற்றை ‘என்’ நின்று, அதற்கடுத்து மெய்யோ சொல்லின் முடிவோ வந்தால், இரண்டும் கலந்து மூக்குயிராகிவிடும். அடுத்து உயிர் வந்தாலோ ‘என்’ இரட்டித்தாலோ மூக்கொலி கலைந்து, னகரம் தனி மெய்யாக வெளியே வரும். ‘வருகிறார்’ என்பது வ்யெ(ன்), ‘வருகிறார்கள்’ என்பது வ்யென். இரண்டும் ஓரசைதான் என்றாலும் முதலாவது உயிரில் முடிகிறது, இரண்டாவது மெய்யில் முடிகிறது.

மூன்றாம் படி: எங்கே வெட்டுவது

பிரெஞ்சு அசை உயிரில் முடிவதையே விரும்பும். நம் உயிர்மெய் எழுத்தும் மெய்யை அடுத்த உயிரோடு சேர்த்தே எழுதுவதால், இந்தப் படி தமிழர்களுக்கு எளிது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: அ-ரி-வே, ஃபி-னி-ஸோ(ன்). எழுத்தில் ‘எஸ்’ இரட்டித்திருப்பதைப் பார்த்து ஃபினிஸ்ஸோன் என்று அழுத்தக் கூடாது. இரட்டை மெய் தமிழில் பொருளையே மாற்றும். பிரெஞ்சு எழுத்தில் அது பெரும்பாலும் ஒற்றை மெய்யின் ஒலிதான்.

நடுவே இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும்: பார்-லே, ரெஸ்-தே, ரு-கார்-தே. இரண்டாவது மெய் ரகரமாகவோ லகரமாகவோ இருந்து, முன்னால் க், ப், த், ஃப், வ் போன்ற மெய் நின்றால் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும். ‘காட்டுங்கள்’ என்பது மோ(ன்)-த்ரே. ‘அறிவியுங்கள்’ என்பது தே-க்லா-ரே. மூன்று, நான்கு மெய் வந்தாலும் இதே முறைதான்: ‘விளக்குங்கள்’ என்பது எக்ஸ்-ப்லி-கே.

அச்சில் வரி முடிவில் சொல்லை உடைக்கும் முறை வேறு. அங்கே எழுத்தசைதான் கணக்கு. இரட்டை மெய்க்கு நடுவே வெட்டுவார்கள். ஒலிக்காத ‘இஎன்டி’ கூடத் தனி அசையாக நிற்கும். நூலில் வரி உடைந்திருப்பதைப் பார்த்து அப்படியே ஒலிக்காதீர்கள். மரபுக் கவிதைக்கும் தனிக் கணக்கு உண்டு. மெய்க்கு முன் வரும் மங்கல் ‘இ’ அங்கே அசையாக எண்ணப்படும். பேசக் கற்பவர்களுக்கு இவை இரண்டும் இப்போதைக்குத் தேவையில்லை.

நான்காம் படி: நடுவில் நிற்கும் மங்கல் உயிர்

எதிர்காலத்துக்குப் போனால் சொல்லின் நடுவில் ஒரு மங்கலான ‘இ’ வந்து உட்காரும். அதை ஒலிப்பதா விடுவதா? இதில்தான் தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த ஒலியின் இயல்பை விளக்குவது எளிது. நம் குற்றியலுகரத்தைப் போலவே இதுவும் வலுவற்ற உயிர். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்று நன்னூல் சொல்கிறதே, அதே நடத்தையை இங்கும் பார்க்கலாம். ஜு என்பதற்குப் பின் எம் (நேசி) என்று உயிரில் தொடங்கும் வினை வந்தால் ஜு தன் உயிரை விட்டுவிட்டு ஜெம் என்று ஓரசையாகிறது. பிரெஞ்சில் இந்த ஓட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மெய் வந்தாலும் அது ஓடக்கூடும்.

எப்போது ஓடும்? மொழியியலாளர் மோரிஸ் கிராமோன் வகுத்த மூன்று மெய் விதி இதற்கு நல்ல கைவிளக்கு. மங்கல் உயிரை விட்டுவிட்டால் மூன்று மெய் அடுத்தடுத்து மோதுமா என்று பாருங்கள். மோதினால் உயிர் நிற்கும், இல்லையென்றால் விழுந்துவிடும். ‘கொடுப்பேன்’ என்பதில் விட்டால் ன், ர் என்று இரண்டு மெய்தான் சேரும். ஆகவே பேச்சில் தொன்-ˈரே என்று இரண்டு அசையாகிறது. ‘பேசுவேன்’ என்பதில் விட்டால் ர், ல், ர் என்று மூன்று சேர்ந்துவிடும். ஆகவே பார்-லு-ˈரே என்று மூன்றசையாகவே நிற்கும். ‘காட்டுவேன்’ என்பதும் அப்படியே மோ(ன்)-த்ரு-ˈரே. இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஆனாலும் தொடங்குகிறவர்கள் இதை நம்பி நடக்கலாம்.

உயிருக்குப் பின்னால் அந்த ‘இ’ வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது ஒலிக்காது. ‘கத்துவேன்’ என்பது க்ரி-ˈரே. ‘மறப்பேன்’ என்பது ஊ-ப்லி-ˈரே.

மார்செய், துலூஸ் போன்ற தெற்கு நகரங்களில் பேசுவோர் இந்த மங்கல் உயிரை வடக்கத்தியரை விட அதிகமாக ஒலிப்பார்கள். அங்கே பார்ல் என்பது பார்-லு ஆகிவிடும். அப்போதும் அழுத்தம் பார் மீதே நிற்கும். மங்கல் உயிர் அழுத்தத்தைத் தாங்காது. தெற்கத்திய ஆசிரியரிடம் படிப்பவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

யகரம் வரும் விகுதிகள்

‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களில் கடந்தகாலத் தொடர்வினைக்கும் (‘இருந்தால் செய்வோம்’ என்ற வகை) நிபந்தனை வடிவத்துக்கும் விகுதிக்கு முன் ஓர் ‘ஐ’ எழுத்து சேரும். பொதுவாக அது யகர மெய்யாகச் சுருங்கிப் பின்வரும் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். ‘பேசிக்கொண்டிருந்தோம்’ என்பது பார்-ˈல்யோ(ன்). இரண்டே அசை, பார்-லி-யோன் அல்ல.

ஆனால் முன்னால் த்ர், ப்ல் போன்ற பிரியாத இணை நின்றால் யகரம் அப்படிச் சுருங்க முடியாது. த்ர்யோ(ன்) என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். ஆகவே இகரம் முழு உயிராக விரிந்து தனி அசையாகும். ‘காட்டிக்கொண்டிருந்தோம்’ என்பது மோ(ன்)-த்ரி-ˈயோ(ன்), மூன்றசை. ‘விரும்புவோம்’ என்று பணிவாகச் சொல்ல உணவகத்திலும் கடையிலும் தினமும் தேவைப்படும் வடிவம் வூ-த்ரி-ˈயோ(ன்). இதனால்தான் ‘மறு’ என்ற வினை ன்யே என்று ஓரசையாக இருக்க, ‘கத்து’ என்ற வினை க்ரி-யே என்று ஈரசையாக இருக்கிறது.

நிபந்தனை வடிவத்தில் இன்னொரு விளைவும் உண்டு. தொன்-ரே என்பதில் ஓடிப்போன மங்கல் உயிர், ‘கொடுப்போம்’ என்பதன் நிபந்தனை வடிவில் திரும்பி வந்துவிடும்: தொ-னு-ˈர்யோ(ன்). ன், ர், ய் என்று மூன்று மெய் மோதுவதைத் தவிர்க்கத்தான் இது. எழுத்துக்கூட்டலில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

ஐந்தாம் படி: அழுத்தம்

அசை பிரித்துவிட்டால் அழுத்த விதி ஒரே வரிதான். ஒரே மூச்சில் சொல்லும் சொற்கூட்டத்தின் கடைசி முழு அசையில் அழுத்தம் விழும்.

சொற்கூட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அழுத்தம் உண்டு. அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். பிரெஞ்சு வினைக்கு அப்படிச் சொந்த அழுத்தம் இல்லை. வினை கூட்டத்தின் கடைசியில் நின்றால் அழுத்தம் கிடைக்கும். பின்னால் வேறு சொல் வந்தால் அதை இழந்துவிடும். வூ-பார்-ˈலே என்றால் ‘பேசுகிறீர்கள்’. அதனோடு ஃப்ரா(ன்)-ஸெ என்ற மொழிப் பெயரைச் சேர்த்தால் வூ-பார்-லே-ஃப்ரா(ன்)-ˈஸெ. லே மீதிருந்த அழுத்தம் போயே போய்விட்டது. எதிர்மறையில் ‘பா’ என்ற சொல் வினைக்குப் பின் வருவதால் ‘நான் பேசுவதில்லை’ என்பதில் அழுத்தம் பா மீது: ஜு-னு-பார்-லு-ˈபா. கேள்வியில் எழுவாய் பின்னால் போனால் அழுத்தமும் அதோடு போகும்: பார்-லு-ˈதில். ‘பேசுகிறாரா’ என்ற இந்த வடிவில் ர், ல், த் மோதுவதால் மங்கல் உயிர் நிற்பதையும் கவனியுங்கள்.

அழுத்தம் என்றதும் குரலை உயர்த்தாதீர்கள். பிரெஞ்சில் அது முதன்மையாக நீளம்தான். கடைசி அசையை ஒரு மாத்திரை கூட்டி, குரலை வெடிக்கவிடாமல், நிதானமாக இழுத்து முடியுங்கள். மற்ற அசைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே தெளிவில் வர வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்கள் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிடுவார்கள். பிரெஞ்சில் மங்கல் உயிரைத் தவிர எந்த உயிரையும் விழுங்கக் கூடாது. தமிழ் பேசும் பழக்கம் வேறு வகையில் இழுக்கும். நாம் சொல்லின் முதல் அசையைச் சற்று ஊன்றிச் சொல்கிறவர்கள். அந்தப் பழக்கத்தில் அ-ரி-வே என்பதன் அகரத்தை ஊன்றினால், உணர்ச்சி வசப்பட்டு எதையோ வலியுறுத்துவதாகக் கேட்பவர் எண்ணக்கூடும். ஏனெனில் பிரெஞ்சில் சொல்லின் தொடக்கத்தை ஊன்றுவது வலியுறுத்தும் தொனிக்கு உரியது.

மங்கல் உயிர் அழுத்தம் தாங்காது என்று சொன்னேன். ஒரே ஒரு முக்கிய விலக்கு உண்டு. ஏவல் வினைக்குப் பின் ‘அதை’ என்ற லு வந்து கூட்டத்தை முடித்தால் அழுத்தம் அதன் மீதே விழும். ‘அதை எடு’: ப்ரா(ன்)-ˈலு. ‘அதைச் செய்’: ஃபெ-ˈலு. லு வினைக்கு முன்னால் வந்தால், ‘நான் அதை எடுக்கிறேன்’ என்பதில் போல, மீண்டும் மங்கிவிடும்: ஜு-லு-ˈப்ரா(ன்).

ஆறாம் படி: எழுவாயோடு சேர்த்து மறுபடி வெட்டுங்கள்

இதுவரை வினையைத் தனியாக வெட்டினோம். பேச்சில் வினை தனியாக வராது. எழுவாய்ச் சொல் அதோடு ஒட்டிக்கொள்ளும்போது அசை எல்லை சொல் எல்லையைத் தாண்டிவிடும். ‘அவன் நேசிக்கிறான்’ என்பது இல், எம் என்ற இரண்டு சொல், ஒலியில் இ-ˈலெம். லகரம் அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றும் நம் புணர்ச்சியைப் போன்றதே இது. ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்பதில் எழுவாயின் ஒலிக்காத பன்மை ‘எஸ்’ உயிரைக் கண்டதும் ஃஸகரமாக விழித்துக்கொள்கிறது: இல்-ˈஃஸெம். ஒருமையையும் பன்மையையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் அந்த ஃஸகரம்தான். அதை விட்டுவிட்டால் எத்தனை பேர் என்று கேட்பவருக்குத் தெரியாது. ‘நம்மிடம் இருக்கிறது’ என்பதும் இப்படியே நூ-ஃஸா-ˈவோ(ன்) என்று வெட்டப்படும்.

ஒரு முழு வாக்கியத்தை வெட்டிப் பார்ப்போம். ‘அவர்கள் நாளைக்கு வருகிறார்கள், ஆனால் நாங்கள் புறப்பட விரும்புகிறோம்’ என்பதைப் பிரெஞ்சில் இரண்டு மூச்சில் சொல்லலாம். முதல் மூச்சு: இல்-ஃஸா-ரிவ்-து-ˈமெ(ன்). வந்துசேர்தலைக் குறிக்கும் அ-ரிவ் வினையின் ‘இஎன்டி’ நீங்கிவிட்டது. எழுவாயின் ‘எஸ்’ விழித்துக்கொண்டது. வ், த், ம் என்று மூன்று மெய் மோதுவதால் ‘நாளை’ என்ற சொல்லின் மங்கல் உயிர் நின்றுவிட்டது. வினை நடுவில் இருப்பதால் அதற்கு அழுத்தம் இல்லை. இரண்டாம் மூச்சு: மெ-நூ-வூ-லோ(ன்)-பார்-ˈதீர். ஐந்தும் ஆறுமாகப் பதினோர் அசை, இரண்டே அழுத்தம்.

அடிச்சொல் ஏன் மாறுகிறது

அழுத்தத்தை அறிந்துகொண்டவர்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. அட்டவணையில் காரணமில்லாதவை போலத் தோன்றும் பல எழுத்து மாற்றங்களுக்குக் காரணம் விளங்கத் தொடங்கும்.

‘தூக்கு’ என்ற லு-வே வினையைப் பாருங்கள். ‘நாம்’ வடிவம் லு-ˈவோ(ன்). முதல் அசையில் மங்கல் உயிர், அழுத்தம் விகுதியில். ‘நான்’ வடிவத்தில் விகுதிக்கு ஒலி இல்லை. ஆகவே அழுத்தம் பின்வாங்கி அடிச்சொல்லின் மீது விழ வேண்டும். மங்கல் உயிர் அதைத் தாங்காது. எனவே அது முழு எகரமாகிறது: ˈலெவ். எழுத்தில் அந்த ‘இ’ மேல் இடப்பக்கம் சாய்ந்த கோடு போடுவது இந்த மாற்றத்தைக் காட்டத்தான். ‘வாங்கு’ வினை ஆஷ்-தே, ஆனால் ‘வாங்குகிறேன்’ என்பது ஆ-ˈஷெத். ‘அழை’ வினை அ-ப்லே, ஆனால் ‘அழைக்கிறேன்’ என்பது அ-ˈபெல். இதில் கோட்டுக்குப் பதிலாக ‘எல்’ இரட்டிக்கும். கோடா இரட்டிப்பா என்பது எழுத்துமுறைச் செய்தி. ஒலி விதி இரண்டுக்கும் ஒன்றே.

‘வா’, ‘வேண்டும்’ போன்ற வினைகளில் மாற்றம் இன்னும் ஆழமானது. அது லத்தீனிலிருந்தே வருகிறது. லத்தீனில் ‘நான்’, ‘நீ’, ‘அவன்’, ‘அவர்கள்’ வடிவங்களில் அழுத்தம் அடிச்சொல்லில் விழும். ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களில் விகுதிக்கு நகரும். நேசிப்பதைக் குறிக்கும் ˈஅமோ என்பதும் அ-ˈமா-முஸ் என்பதும் அப்படித்தான். அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழியிலும் பெறாத உயிர் வேறு வழியிலும் பல நூற்றாண்டுகள் திரிந்தன. அதன் விளைவுதான் வ்யெ(ன்), வு-னோ(ன்) என்ற பிளவும், த்வா, து-வோ(ன்) என்ற பிளவும். பழைய பிரெஞ்சில் ‘நேசி’ வினையும் இப்படிப் பிளந்துதான் கிடந்தது. பின்னர் ஒரே அடிச்சொல் எல்லா இடங்களுக்கும் பரவிச் சமமாகிவிட்டது. ஆறு கட்டங்களில் எந்த நான்கு ஒன்றுபோல இருக்கின்றன, எந்த இரண்டு விலகுகின்றன என்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒழுங்கற்ற வினைகள் என்று பயமுறுத்தப்பட்ட பலவற்றிலும் ஒழுங்கு தெரியும்.

எழுத்துமுறையும் ஒலியைத் துரத்தி வந்திருக்கிறது. ‘அதிகம் விரும்பு’ என்ற ப்ரே-ஃபே-ரே வினையின் எதிர்காலத்தில் மங்கல் உயிர் விழுந்துவிடுவதால், முன்னிருக்கும் அசை மெய்யில் மூடிக்கொண்டு ஃபெர் ஆகிறது. பழைய எழுத்துக்கூட்டல் அங்கே ஏ ஒலிக்குரிய கோட்டையே வைத்திருந்தது. 1990 டிசம்பர் 6 அன்று பிரான்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் எ ஒலிக்குரிய கோட்டையும் அனுமதித்தன. இரண்டும் இன்று ஏற்கத்தக்கவை.

பயிற்சிக்கு

புதிய வினையைப் படிக்கும்போது அட்டவணையை எழுதுவதோடு நிற்காமல், பக்கத்தில் அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் அசை பிரித்து எழுதுங்கள். நம் புள்ளி இங்கே பெரிய துணை. இறுதி மெய்க்குப் புள்ளி வைத்துவிட்டால் வேண்டாத உகரம் ஒட்டாது. பிறகு எழுவாயோடு சேர்த்து, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். கடைசித் தட்டில் மட்டும் விரலை எடுக்காமல் சற்று வைத்திருங்கள். சரிபார்க்க விக்சனரி என்ற இணைய அகராதியின் பிரெஞ்சுப் பதிப்பு உதவும். அது சொற்களின் ஒலிப்பைப் பன்னாட்டு ஒலியெழுத்தில், அசைக்கு நடுவே புள்ளியிட்டுக் காட்டுகிறது. காதுக்கு, பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்எஃப்ஐயின் எளிய பிரெஞ்சுச் செய்தியைப் பரிந்துரைப்பேன். எழுத்து வடிவமும் கிடைப்பதால், ஒரு பத்தியில் உள்ள வினைகளை முதலில் நீங்களே வெட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம்.

கீழே உள்ள ஐந்தையும் விடையைப் பார்க்காமல் முயலுங்கள். எல்லாமே மேலே சொன்ன விதிகளுக்குள் அடங்கும்.

‘பார்’ (ரு-கார்-தே), நிகழ்காலம், அவர்கள்.
‘மற’ (ஊ-ப்லி-யே), நிகழ்காலம், நாம்.
‘வாங்கு’ (ஆஷ்-தே), நிகழ்காலம், பெண்பால் அவர்கள் (எல்).
‘கொடு’ (தொ-னே), நிபந்தனை வடிவம், நீங்கள்.
‘அதைப் பார்’ என்ற ஒருமை ஏவல்.

விடைகள்: இல்-ரு-ˈகார்த். நூ-ஃஸூ-ப்லி-ˈயோ(ன்). எல்-ஃஸா-ˈஷெத். வூ-தொ-னு-ˈர்யே. ரு-கார்-து-ˈலு. கடைசி விடையில் து என்பதன் மங்கல் உயிர் நிற்பது ர், த், ல் மோதுவதால். அதே உயிர், ‘அவர்கள்’ என்ற முதல் விடையில் விழுந்துவிட்டது. அங்கே கார்த் என்பதோடு மூச்சு முடிகிறது, மோதுவதற்கு அடுத்த மெய் இல்லை.